மூன்று நாளிலா, மூன்று மாதத்திலா? திறந்த சிறுநீர்ப்பையோடு பிறந்த குழந்தையின் மயக்க மருந்தும் மூச்சும்

சிறுநீர்ப்பை மூடாமல் வயிற்றுச் சுவரின் மேலேயே திறந்து கிடக்கப் பிறந்த குழந்தையின் பெற்றோரிடம் மருத்துவர்கள் பெரும்பாலும் இரண்டு தேதிகளைச் சொல்வார்கள். ஒன்று, பிறந்த 72 மணி நேரத்துக்குள் அறுவை செய்து பையை மூடிவிடுவது. மற்றொன்று, குழந்தையை வீட்டுக்கு அனுப்பி, ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் வளரவிட்டுப் பிறகு மூடுவது. இது அறுவை மருத்துவர் மட்டும் தீர்மானிக்க வேண்டிய விஷயம் என்று பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். மயக்க மருந்து கொடுப்பவருக்கோ அதே இரண்டு தேதிகள் வேறொரு கேள்வியாகத் தெரிகின்றன: பல மணி நேர அறுவை முடிந்த இரவில், இந்தக் குழந்தை தானாக மூச்சு விடுவதை மறக்காமல் இருக்குமா? இரண்டு கேள்விகளையும் தனித்தனியாக வைத்து முடிவெடுத்தால் தவறான தேதியில் போய் நிற்க நேரும் என்பதால், இங்கே இரண்டையும் சேர்த்தே ஒப்பிடுகிறேன்.

மருத்துவர்கள் பிளாடர் எக்ஸ்ட்ரோபி என்று சொல்லும் இந்தக் குறை ஏறத்தாழ 30,000 முதல் 50,000 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு வருகிறது. ஆண் குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. கருவில் வயிற்றின் கீழ்ச்சுவர் முழுமையாக உருவாகாததால் சிறுநீர்ப்பையின் உட்புறம் அப்படியே வெளியே தெரிகிறது, இடுப்பின் முன்பக்கத்தில் சேர வேண்டிய இரண்டு எலும்புகளும் விலகி நிற்கின்றன. பார்க்கிறவர்களைத் திடுக்கிட வைக்கும் இந்தச் சிவந்த, ஈரமான பரப்பை அருகில் நின்று கவனித்தால், இரண்டு சிறு புள்ளிகளிலிருந்து சிறுநீர் விட்டுவிட்டுச் சொட்டுவது கண்ணுக்கே தெரியும். அவைதாம் சிறுநீரகக் குழாய்களின் வாய்கள். மற்றபடி குழந்தை பெரும்பாலும் நல்ல எடையோடு இருக்கும், வீறிட்டு அழும், பால் குடிக்கும். குடலும் சேர்ந்து திறந்திருக்கும் கடுமையான வகை மிகவும் அரிது. அதில் முதுகெலும்புக் குறையும் உடன் வரக்கூடும் என்பதால் அதன் கணக்கே வேறு; இடையிடையே மட்டும் அதைத் தொடுகிறேன்.

முதல் நாளிலேயே செய்ய வேண்டியவை தேதியைப் பொறுத்தவை அல்ல. தொப்புள்கொடியில் மாட்டும் பிளாஸ்டிக் கிளிப் பையின் மென்மையான தோலை உரசும் என்பதால் அதை எடுத்துவிட்டு நூலால் கட்ட வேண்டும். பையின் மேல் பஞ்சோ காஸ் துணியோ வைத்தால் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும். சமையலறையில் உணவை மூடப் பயன்படுத்துவது போன்ற மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளால் மூடி, டயப்பர் மாற்றும் ஒவ்வொரு முறையும் உப்புநீரால் கழுவித் தாளை மாற்ற வேண்டும். இந்தக் குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் ரப்பர் பால் ஒவ்வாமை வரும் வாய்ப்பு மிக அதிகம் என்பதால், முதல் நாளிலிருந்தே லேடெக்ஸ் கையுறையும் லேடெக்ஸ் குழாயும் அவர்கள் மேல் படக்கூடாது. இவற்றை ஒழுங்காகச் செய்தால் பை வாரக்கணக்கில் தாங்கும். அதாவது, பார்வைக்கு எவ்வளவு பதற்றம் தந்தாலும், இது அன்றே அறுத்தாக வேண்டிய நோய் அல்ல. தேர்ந்தெடுக்க நேரம் இருக்கிறது என்பதே இந்த ஒப்பீட்டின் அடிப்படை.

மூச்சுக்கு வருவோம். பிறந்த குழந்தை உறங்கும்போது ஐந்து, பத்து விநாடி மூச்சை நிறுத்திவிட்டு மறுபடி வேகமாக விடுவதைத் தாய்மார்கள் பலரும் பார்த்திருப்பார்கள். அது இயல்பானது. அந்த இடைவெளி 20 விநாடியைத் தாண்டினாலோ, அதற்கு முன்பே இதயத் துடிப்பு குறைந்தாலோ, ஆக்ஸிஜன் அளவு இறங்கினாலோ அது அப்னியா எனப்படும் மூச்சுநிறுத்தம். மூளைத்தண்டில் மூச்சை ஆளும் பகுதி இன்னும் முதிராததே இதன் வேர். பெரியவர்களுக்கு ஆக்ஸிஜன் குறைந்தால் மூச்சு வேகமாகும், அந்த வேகம் நீடிக்கும். பிறந்த குழந்தைக்கு முதல் ஓரிரு நிமிடங்கள் வேகமாகி, பிறகு மூச்சு தளர்ந்துவிடும். உதவி தேவைப்படும் நேரத்திலேயே உடல் கையை விரித்துவிடுகிறது. உதரவிதானத்தில் களைக்காமல் உழைக்கும் வகைத் தசைநார்கள் நிறைமாதக் குழந்தைக்கு ஏறத்தாழ 25 விழுக்காடும், குறைமாதக் குழந்தைக்கு 10 விழுக்காடும்தான். பெரியவர்களுக்கு அது பாதிக்கு மேல். எடைக்கு எடை பார்த்தால் குழந்தையின் ஆக்ஸிஜன் செலவு பெரியவர்களைப் போல இரு மடங்கு, நுரையீரலில் இருப்போ சிறிது. ஆகவே பெரியவர் ஒருவர் மூச்சை நிறுத்திச் சில நிமிடங்கள் சமாளிக்கும் இடத்தில், பச்சிளம் குழந்தை அரை நிமிடத்திலேயே நீலம் பாய்ந்துவிடும்.

மயக்க வாயுவும் மார்ஃபின் வகை வலிநிவாரணிகளும் இந்த முதிராத மையத்தை மேலும் மந்தமாக்குகின்றன. மார்ஃபின் வகை மருந்துகளைக் கல்லீரலும் சிறுநீரகமும் மெதுவாகவே வெளியேற்றுவதால், அறுவைக் கூடத்தில் நன்றாக விழித்துக் கையைக் காலை உதைத்த குழந்தையும் சில மணி நேரம் கழித்து மூச்சை நிறுத்தலாம். உடல் குளிர்தல், சர்க்கரை குறைதல், இரத்தசோகை, கிருமித் தொற்று ஆகியவை இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன.

இங்கே வயதை எண்ணும் முறை முக்கியமானது. மயக்க மருத்துவர் பிறந்த நாளிலிருந்து எண்ணுவதில்லை. தாயின் கடைசி மாதவிடாய் நாளிலிருந்து எண்ணுகிறார். இதைக் கருவயது என்று வைத்துக்கொள்வோம். 39 வாரத்தில் பிறந்து மூன்று நாளான குழந்தைக்கும், 33 வாரத்தில் பிறந்து ஆறு வாரமான குழந்தைக்கும் கருவயது ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இரண்டின் ஆபத்தும் ஒன்றல்ல, ஏனெனில் எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதும் தனியாகக் கணக்கில் சேர்கிறது. குடலிறக்க அறுவை செய்த முன்னாள் குறைமாதக் குழந்தைகள் 255 பேரின் தகவல்களை எட்டு ஆய்வுகளிலிருந்து திரட்டி 1995இல் வெளியான கோட்டே குழுவினரின் அலசல் இன்றைக்கும் இத்துறையின் அடிப்படைக் கணக்காக இருக்கிறது. அதன்படி கருவயது கூடக் கூட மூச்சுநிறுத்தம் குறைகிறது. 35 வாரத்தில் பிறந்த, இரத்தசோகை இல்லாத குழந்தைக்குக்கூட ஆபத்து ஒரு விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதாக உறுதியாகச் சொல்லக் கருவயது 54 வாரம் ஆக வேண்டும், 32 வாரத்தில் பிறந்ததற்கு 56 வாரம். இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 30 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால், வயது எதுவானாலும் ஆபத்து தனியாகக் கூடுகிறது. இவை சிறு அறுவைக்கான எண்கள் என்பதை மறக்கக்கூடாது. சிறுநீர்ப்பையை மூடும் நீண்ட அறுவைக்கு இவற்றைக் குறைந்தபட்ச எச்சரிக்கையாகத்தான் எடுத்துக்கொள்ள முடியும்.

இனி முதல் தேதி. 72 மணி நேரத்துக்குள் மூடுவதற்கு ஆதரவான வாதம் நீண்ட காலமாக எலும்பைச் சார்ந்தது. பிரசவத்தின்போது தாயின் இடுப்பை இளக்கும் ரிலாக்ஸின் என்ற ஹார்மோனின் தாக்கம் குழந்தையின் உடலிலும் சில நாட்கள் நீடிப்பதால் விலகிய எலும்புகளைக் கையால் அழுத்தியே அருகில் கொண்டுவர முடியும், எலும்பை வெட்ட வேண்டியதில்லை என்பது மரபான விளக்கம். எலும்பை வெட்டாததால் அறுவை நேரமும் இரத்த இழப்பும் குறைகின்றன. பையின் உட்தோலும் காற்றிலும் துணியிலும் உரசிக் கெடுவதற்கு முன் உள்ளே போய்விடுகிறது. ஹீமோகுளோபினும் அந்த நாட்களில் உச்சத்தில் இருக்கும். பெற்றோருக்கும் ஒரு நிம்மதி: திறந்த பையோடு வீட்டுக்குப் போக வேண்டாம், உறவினர்களின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். கடைசியாகச் சொன்னது மருத்துவக் காரணம் அல்ல என்றாலும் முடிவுகளை அதுவும் இழுக்கிறது.

மூச்சின் பக்கம் பார்த்தால் இந்தத் தேதிக்கு விலை அதிகம். முதல் சில நாட்களில் இதயமும் நுரையீரலும் கருப்பை வாழ்விலிருந்து வெளியுலக வாழ்வுக்கு இன்னும் மாறிக்கொண்டிருக்கின்றன. இதயத்தின் மேலறைகளுக்கு இடையேயான துளையும் பெருந்தமனியை நுரையீரல் தமனியோடு இணைக்கும் குழாயும் முழுமையாக மூடியிருப்பதில்லை. மயக்கத்தின்போது ஆக்ஸிஜன் குறைந்தாலோ உடல் குளிர்ந்தாலோ நுரையீரல் இரத்தக்குழாய்கள் மறுபடி சுருங்கி, இரத்தம் பழைய பாதையிலேயே ஓடத் தொடங்கலாம். அதன் பிறகு எவ்வளவு ஆக்ஸிஜன் கொடுத்தாலும் அது எளிதில் ஏறாது. ஹீமோகுளோபின் அதிகம் என்றேன். ஆனால் அதில் பெரும்பகுதி கருநிலை வகை, ஆக்ஸிஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு திசுக்களுக்குத் தயங்கியே கொடுக்கும். பிறவி இதயக் குறை இருந்தால்கூட முதல் இரண்டு நாட்களில் வெளிப்படாமல் இருக்கலாம். போதாக்குறைக்கு, பல நேரங்களில் குழந்தை ஓரிடத்தில் பிறந்து, அறுவை செய்யும் மருத்துவமனை வேறு ஊரில் இருக்கும். தாய் சிசேரியன் தையலோடு முதல் மருத்துவமனையிலேயே படுத்திருக்க, தந்தை மட்டும் கையெழுத்துப் போடும் நிலை வரும்.

இரண்டாவது தேதி இவற்றில் பலவற்றைச் சரிசெய்கிறது. 39 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு எட்டு வாரத்தில் கருவயது 47, பன்னிரண்டு வாரத்தில் 51. மருந்தை வெளியேற்றும் திறன் வெகுவாக உயர்ந்திருக்கும், நுரையீரல் இரத்த ஓட்டம் நிலைபெற்றிருக்கும், எடை கூடியிருக்கும். இதயத்துக்கு எக்கோவும் முதுகுத்தண்டுக்கு அல்ட்ராசவுண்டும் நிதானமாக எடுக்க நேரம் கிடைக்கும். எல்லாவற்றையும்விட, இந்த அறுவையை அடிக்கடி செய்யும் குழு ஒன்றைத் தேடிப் போக நேரம் கிடைக்கும். முதல் முறை மூடுவது வெற்றி பெறுகிறதா என்பதே பிற்காலத்தில் குழந்தை சிறுநீரை அடக்கக் கற்குமா என்பதைப் பெரிதும் முடிவுசெய்கிறது. முதல் தையல் பிரிந்துபோன பை அடுத்த முறை முழுத் திறனோடு வளர்வது அரிது. அமெரிக்காவில் பாஸ்டன், பிலடெல்பியா, மில்வாக்கி நகரக் குழந்தைகள் மருத்துவமனைகள் 2013 முதல் கூட்டாகச் சேர்ந்து, ஒருவர் அறுவையை மற்றவர்கள் பார்த்துத் திருத்தும் முறையில், தாமதமாக மூடுவதையே வழக்கமாக்கிக்கொண்டன. இந்தியாவில் அகமதாபாத் சிவில் மருத்துவமனையில் ஆண்டுதோறும் வெளிநாட்டு நிபுணர்களும் நம் மருத்துவர்களும் சேர்ந்து நடத்தும் அறுவை முகாமுக்கு வரும் குழந்தைகளில் பலர் அதைவிடவும் பல மாதங்கள், ஆண்டுகள் பிந்தி வருகிறவர்கள். பிந்தி வந்ததே ஆபத்து என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இவை நல்ல சான்றுகள்.

ஆனால் இரண்டாவது தேதிக்குள்ளும் ஒரு குழி இருக்கிறது, அதைப் பலர் பெற்றோரிடம் எடுத்துச் சொல்வதில்லை. பிறந்த பிறகு குழந்தையின் உடல் சிவப்பணு உற்பத்தியைக் குறைத்துக்கொள்வதால் ஹீமோகுளோபின் படிப்படியாக இறங்கி, நிறைமாதக் குழந்தைக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில்தான் அடித்தளத்தைத் தொடுகிறது. 9 முதல் 11 கிராம் வரை வந்து நிற்கும். குறைமாதக் குழந்தைக்கு இது இன்னும் முன்னதாக, இன்னும் ஆழமாக இறங்கும். தாமதமாக மூடுவதற்கு நாம் குறிக்கும் வாரங்களும் இதே வாரங்கள்தாம். போதாததற்கு, இந்த வயதில் எலும்பை வெட்டிச் சேர்க்க வேண்டியிருப்பதால் இரத்த இழப்பு கூடுகிறது, அறுவை நீள்கிறது. நிறைமாதக் குழந்தைக்கு இந்த இயல்பான இறக்கம் தனியே மூச்சுநிறுத்தத்தைக் கொண்டுவரும் என்று சொல்ல ஆதாரம் இல்லை, குறைமாதக் குழந்தைக்கு அது இருக்கிறது. ஆகவே ‘மூன்று மாதத்தில் வாருங்கள்’ என்பது நிறைமாதக் குழந்தைக்கு நல்ல அறிவுரை. 34 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அதே சொற்களை அப்படியே சொல்வது சோம்பல்.

நீண்ட மயக்கம் மூளை வளர்ச்சியைப் பாதிக்குமா என்ற அச்சமும் பெற்றோருக்கு உண்டு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலான, அல்லது திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்கம் குறித்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016 டிசம்பரில் எச்சரித்தது. ஒரு மணி நேரத்துக்குக் குறைவான ஒரே ஒரு மயக்கம் இரண்டு வயதிலும் ஐந்து வயதிலும் வளர்ச்சியில் வேறுபாடு காட்டவில்லை என்று காஸ் என்ற பன்னாட்டு ஆய்வு கண்டது. சிறுநீர்ப்பையை மூடுவது மூன்று மணி நேரத்தில் முடிகிற காரியம் அல்ல, எந்தத் தேதியைத் தேர்ந்தாலும் அந்த எல்லையைத் தாண்டித்தான் போகும். எனவே இந்த அச்சம் இரண்டு தேதிகளுக்கும் இடையே தீர்ப்புச் சொல்லாது. தோல்வியடைந்த அறுவையை மறுபடி செய்வது மயக்கத்தை இரட்டிப்பாக்கும் என்பதால், அனுபவமுள்ள குழுவைத் தேடுவதற்கு இது இன்னொரு காரணமாகிறது, அவ்வளவுதான்.

தேதியை அடுத்து, மயக்கத்தின் வகை. முழு மயக்கம் கொடுத்து, வலிக்கு மார்ஃபின் அல்லது ஃபென்டனைல் செலுத்துவது பழைய வழி. எங்கும் செய்யலாம், தனித் திறமை வேண்டியதில்லை. ஆனால் வலியை அடக்கும் அளவுக்கு அந்த மருந்தைக் கொடுத்தால் மூச்சும் சேர்ந்து அடங்கும். நாட்கணக்கில் வென்டிலேட்டர் தேவைப்படும், குடல் அசைவு நின்று பால் கொடுப்பது தள்ளிப்போகும்.

எதிர்முனையில் இருப்பது விழித்திருக்கும் குழந்தைக்கு முதுகுத்தண்டில் மட்டும் ஊசி போடும் முறை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1970களின் இறுதியிலிருந்தே இதைப் பச்சிளம் குழந்தைகளுக்குச் செய்துவருகிறார்கள். மூச்சைப் பொறுத்தவரை இதன் ஈர்ப்பு பெரிது. 1990இல் வெல்போர்ன் குழுவினர் 36 முன்னாள் குறைமாதக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், வேறு எந்த மருந்தும் கலக்காமல் முதுகு ஊசி மட்டும் பெற்ற பதினொருவரில் ஒருவருக்கும் மூச்சுநிறுத்தம் வரவில்லை. ஆனால் அழுகையை அடக்க அதோடு கெட்டமின் என்ற உறக்க மருந்தைச் சேர்த்த ஒன்பது பேரில் எட்டுப் பேருக்கு வந்தது. முழு மயக்கம் பெற்றவர்களைவிடவும் அது மோசம். கொஞ்சம் உறக்கம் கொடுத்தால் என்ன என்று நினைக்கும் இடத்தில்தான் அந்த முறையின் நன்மை முழுவதும் கைநழுவுகிறது. பின்னாளில் 722 குழந்தைகளை ஒப்பிட்ட காஸ் ஆய்வு இந்த நன்மையையும் கொஞ்சம் அளந்து காட்டியது: அறுவைக்குப் பின் முதல் அரை மணி நேரத்தில் மூச்சுநிறுத்தம் முதுகு ஊசிக் குழுவில் 1 விழுக்காடு, முழு மயக்கக் குழுவில் 3 விழுக்காடு; அதன் பிறகான மணி நேரங்களில் இரண்டு குழுவுக்கும் 2 விழுக்காடு என்று சமமாகிவிட்டது. எப்படியானாலும் பச்சிளம் குழந்தைக்கு முதுகு ஊசியின் பலன் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம்தான் நிற்கும். குடலிறக்கத்துக்கும், ஆண் குழந்தையின் சிறுநீர்த்தாரையில் பிறவியிலேயே அடைத்திருக்கும் வால்வைக் கருவி செலுத்தி அகற்றும் சிறு அறுவைக்கும் அது போதும். திறந்த பையை மூட அது போதாது. அதை ஒரு தேர்வாகப் பெற்றோர் முன் வைப்பதே தவறான நம்பிக்கை கொடுப்பதாகும்.

இடையில் இருப்பதே என் தேர்வு: முழு மயக்கத்தோடு, முதுகின் அடியில் வால் எலும்புக்கு அருகிலிருந்து மெல்லிய எபிடியூரல் குழாயை, அதாவது தண்டுவட உறைக்கு வெளியே மருந்து செலுத்தும் குழாயை, மேலே ஏற்றி வைப்பது. குழாயைத் தோலுக்கு அடியில் சுரங்கம்போல் பக்கவாட்டில் கொண்டுபோய் இடுப்புக்கு மேலே வெளியே எடுத்தால், டயப்பரின் மலமும் சிறுநீரும் படாது, பல நாட்கள் வைத்திருக்கலாம். வலி கீழ்ப்பகுதியிலேயே மறிக்கப்படுவதால் மயக்க வாயுவின் அளவும் மார்ஃபினின் தேவையும் குறைகின்றன. மூச்சுக் குழாயைச் சீக்கிரம் எடுக்க முடிகிறது. ஆனால் இதற்கும் எல்லைகள் உண்டு. உணர்விழக்கச் செய்யும் மருந்தைப் பிடித்து வைக்கும் புரதம் குழந்தையின் இரத்தத்தில் குறைவு, கல்லீரலும் அதை மெதுவாகவே கரைக்கிறது. ஆகவே புபிவகைன் என்ற அத்தகைய மருந்தைத் தொடர்ந்து செலுத்தினால் மணிக்கு கிலோவுக்கு 0.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, இரண்டு நாளுக்கு மேல் போனால் இரத்தத்தில் சேர்ந்து வலிப்பு வரை கொண்டுபோகலாம். அதற்கு மேலும் தேவைப்பட்டால், இரத்தத்திலேயே சிதைந்துவிடும் குளோரோபுரோகைன் கிடைக்கும் இடங்களில் அதற்கு மாறுகிறார்கள். எபிடியூரலில் மார்ஃபினைக் கலந்தால் வலி இன்னும் குறையும், ஆனால் பல மணி நேரம் கழித்து மூச்சை நிறுத்தும். பச்சிளம் குழந்தையிடம் அந்தக் கலவையைத் தவிர்ப்பதே அறிவு. குடலும் திறந்த கடுமையான வகையில் தண்டுவடம் கீழே ஒட்டியிருக்கலாம் என்பதால் அல்ட்ராசவுண்ட் பார்க்காமல் ஊசியை எடுக்கவே கூடாது.

அறுவை முடிந்ததும் இன்னொரு பிரிவுச் சாலை. குழந்தையை மேசையிலேயே விழிக்கவைத்து மூச்சுக் குழாயை எடுப்பதா, ஓரிரு நாள் வென்டிலேட்டரில் உறங்கவைப்பதா? இங்கே இரண்டு தேவைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. மூச்சு விட அது விழித்திருக்க வேண்டும், தையல் பிரியாமல் இருக்க அது அழாமல், முக்காமல், காலை உதைக்காமல் இருக்க வேண்டும். எலும்பை வெட்டாத சிறு குழந்தையின் இரண்டு கால்களையும் செங்குத்தாக மேலே தூக்கிக் கட்டி மூன்று, நான்கு வாரங்கள் அப்படியே வைத்திருப்பார்கள். எலும்பை வெட்டிய குழந்தைக்கு வெளியே கம்பிச் சட்டமோ மாவுக்கட்டோ போட்டு நான்கு முதல் ஆறு வாரங்கள். விலகி நின்ற வயிற்றுச் சுவரை இழுத்துச் சேர்த்திருப்பதால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடி, ஏற்கெனவே களைப்படையும் உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. எபிடியூரல் நன்றாக வேலை செய்யும் நிறைமாதக் குழந்தைக்கு, மூன்று மாத வயதில், அன்றே குழாயை எடுப்பது சரி. முதல் மூன்று நாளில் அறுவை செய்த குழந்தைக்கும், எந்த வயதானாலும் முன்னாள் குறைமாதக் குழந்தைக்கும், ஓர் இரவாவது வென்டிலேட்டரில் வைப்பதைத் தோல்வி என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

கஃபீன் ஒரு துணை. நாம் காலையில் டிகாஷனில் குடிக்கும் அதே கஃபீன்தான்; மூச்சு மையத்தை மந்தமாக்கும் அடினோசினைத் தடுத்து அதைத் தட்டி எழுப்புகிறது. குறைமாதக் குழந்தைக்கு அறுவையின்போது கிலோவுக்கு 10 மில்லிகிராம் கொடுத்தால் பின்னர் வரும் மூச்சுநிறுத்தம் குறைகிறது. சிட்ரேட் வடிவில் எழுதினால் அதே அளவு 20 மில்லிகிராம் ஆகும். இந்த இரட்டிப்பைக் குழப்பிக்கொள்வது மருந்துச் சீட்டில் நிகழக்கூடிய பிழை. பெரியவர்களின் உடலில் பாதி கஃபீன் ஐந்து மணி நேரத்தில் போய்விடும், பச்சிளம் குழந்தைக்கு நான்கு நாள் ஆகும், ஆகவே ஒருமுறை கொடுத்தாலே போதும். கஃபீன் கொடுத்தாயிற்று, இனி கண்காணிப்பு வேண்டாம் என்பதுதான் அதன் ஒரே பெரிய ஆபத்து.

கண்காணிப்பிலும் ஒரு தேர்வு உண்டு. மார்பில் ஒட்டும் மின்முனைகளால் மூச்சை எண்ணும் கருவி மார்பின் அசைவைத்தான் எண்ணுகிறது, காற்றை அல்ல. கழுத்து முன்பக்கம் மடங்கித் தொண்டை அடைத்துக்கொண்ட குழந்தையின் மார்பு அசைந்துகொண்டே இருக்கும், கருவி திரையில் நல்ல மூச்சு என்று காட்டிக்கொண்டே இருக்கும், காற்று மட்டும் உள்ளே போயிருக்காது. அதனால் ஆக்ஸிஜன் அளவியும் இதயத் துடிப்பு அளவியும் கூடவே இருக்க வேண்டும், அருகில் கண் மூடாத ஒரு செவிலியரும். அலாரம் அடித்தவுடன் அவர் செய்வது மிக எளிய காரியம்: குழந்தையின் உள்ளங்காலை விரலால் சுண்டுவார், தலையை நேராக்கித் தாடையை மெல்லத் தூக்குவார். பெரும்பாலான மூச்சுநிறுத்தங்கள் அதோடு முடிந்துவிடும். முடியாத ஒன்றிரண்டுக்காகத்தான் கைக்கெட்டும் தூரத்தில் முகமூடியும் காற்றுப்பையும் வைத்திருப்பது. கால்கள் மேலே தூக்கிக் கட்டப்பட்ட குழந்தையின் எந்தப் பாதத்தைச் சுண்டுவது, எபிடியூரலால் மரத்த கால் சுண்டலை உணருமா என்பதையும் அந்த வார்டில் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். அப்போது முதுகையோ மார்பையோ தேய்ப்பதுதான் பயன் தரும்.

தேர்ந்தெடுக்கச் சொன்னால், நிறைமாதமாகப் பிறந்து, அனுபவமுள்ள குழுவும் பச்சிளம் குழந்தை மயக்க மருத்துவரும் தீவிர சிகிச்சைப் பிரிவும் ஒரே வளாகத்தில் உள்ள மருத்துவமனையிலேயே பிறந்த குழந்தைக்கு மட்டும் முதல் தேதியை ஒப்புக்கொள்வேன். அந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் இரண்டாவது தேதி. 72 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதற்காகவே குழந்தையை ஆம்புலன்ஸில் ஏற்றி இரவோடு இரவாக வேறு ஊருக்குக் கொண்டுபோவதில் எனக்கு உடன்பாடில்லை.

குறைமாதக் குழந்தைக்குத் தேதியை வாரத்தில் குறிக்காமல் கருவயதிலும் ஹீமோகுளோபினிலும் குறிக்க வேண்டும். 35 வாரத்தில் பிறந்த ஓர் ஆண் குழந்தையை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு வாரத்தில் வரச் சொன்னால் கருவயது 47, ஹீமோகுளோபின் 8.6 என்று வைத்துக்கொண்டால் சிவப்பணுப் பங்கு 26 விழுக்காட்டுக்கு அருகில். இரண்டும் தவறான பக்கத்தில் நிற்கின்றன. அந்தக் குழந்தைக்கு இரும்புச்சத்துச் சொட்டு மருந்தை எழுதி, பையை மூடும் தாளும் உப்புநீரும் வீட்டில் தீராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி, இன்னும் ஐந்தாறு வாரம் தள்ளுவேன்; அப்போது கருவயது 52, 53ஐ எட்டி, முன்பு சொன்ன 54ஐ நெருங்கியிருக்கும், ஹீமோகுளோபின் தானே ஏறத் தொடங்கியிருக்கும். அந்த இடைவெளியில் எக்கோவும் தண்டுவட அல்ட்ராசவுண்டும் முடிந்துவிடும், அறுவைக்கு வேண்டிய இரத்தமும் பொருத்திப் பார்த்து வைக்கப்படும். இக்குறையுள்ள ஆண் குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் குடலிறக்கம் உடனிருக்கும். ஆகவே தொடை இடுக்கில் வீக்கம் கல்லுபோல் இறுகி, தொட்டால் வீறிட்டு, பச்சை நிறத்தில் வாந்தி வந்தால் குறித்த தேதிக்குக் காத்திருக்காமல் அந்த மணியே கிளம்பி வரும்படி தாயிடமும், முடிந்தால் வீட்டில் இருக்கும் பாட்டியிடமும் சொல்லி அனுப்புவேன்.